யாருக்கும் வலிக்காத துணையில் தவறு என்ன?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 46 வயது. விவாகரத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து போகிறாள். மனித உருவ ரோபோ ஒன்றைத் துணையாக வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். "யாரையும் ஏமாற்றவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, யாருக்கும் வலிக்கப் போவதில்லை, அப்புறம் இதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது? மகளிடம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது ஒரு பொருளை வாங்குவது பற்றிய கேள்வி. ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லியும் உங்களுக்கே அது போதவில்லை என்று தோன்றுகிறது. 'வலிக்கவில்லை என்பது மட்டும் போதுமா' என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்தவள். 17 ஆண்டுகளாகத் தம்பதியருக்கும் தனித்து வாழ்பவர்களுக்கும் ஆலோசனை சொல்லிவருகிறேன். தத்துவமோ பொறியியலோ என் துறை அல்ல. இயந்திரத் துணை பற்றிய பேச்சு என் அறைக்குள் வர ஆரம்பித்தது கடந்த சில ஆண்டுகளில்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் பேசும் ஆப்களோடு பழகியவர்கள்; சிலிகான் உடல் வைத்திருந்தவர்கள் ஓரிருவர். அதோடு, என்னிடம் வருபவர்கள் ஏதோ ஒரு கஷ்டத்தோடு வருபவர்கள். இயந்திரத்தோடு நிம்மதியாக வாழும் ஒருவர் என்னைத் தேடி வரவே மாட்டார். ஆகவே என் அனுபவத்தை முழு உலகத்தின் அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே சொல்லும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன். இன்று 'துணை ரோபோ' என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் அசையாத சிலிகான் உடலும், அதன் மேல் கண், உதடு, கழுத்து அசையும் ஒரு தலையும்தான். பேச்சு ஒரு ஆப் வழியாக வருகிறது. அது எழுந்து வந்து உங்களை அணைத்துக்கொள்ளாது. விளம்பரப் படங்கள் உண்டாக்கும் எதிர்பார்ப்புக்கும் வீட்டுக்கு வரும் பெட்டிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ஆசை, வலி, வெட்கம் எதுவும் அதற்குக் கிடையாது. 'உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன்' என்று அது சொன்னால், அந்த நேரத்தில் அங்கே நினைப்பதற்கு யாரும் இருந்திருக்கவில்லை.

இது தெரிந்தும் மனம் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உறுதி. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் மிக எளிய நிரல் அது. அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் பேசியதும், தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போக முடியுமா என்று அவரைக் கேட்டார். ஜப்பானில் சோனி நிறுவனம் ஐபோ என்ற நாய் ரோபோவுக்கான பழுதுபார்ப்புச் சேவையை 2014-ல் நிறுத்திய பிறகு, செயலிழந்த நாய்களுக்குக் கோயிலில் இறுதிச் சடங்கு செய்தார்கள். இவர்கள் யாரும் முட்டாள்கள் அல்ல. பதில் சொல்லும் எதையும் ஓர் உயிராக எடுத்துக்கொள்வது நம் மனத்தின் இயல்பு. அதனால், நாளை உங்களுக்கு அதன் மேல் உண்மையான பாசம் வந்தால், அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. உங்கள் பக்கத்து உணர்வு நிஜம்தான்.

நேரடியான கேள்விக்கு நேரடியான பதில்: வயது வந்த ஒருவர் தன் வீட்டில், தன் உடலோடு, உயிரில்லாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. இரண்டு விஷயங்களில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தை உருவத்தில் இப்படி ஒன்றைச் செய்வதும் வாங்குவதும் தவறு. உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தையோ குரலையோ அவர் சம்மதம் இல்லாமல் அதற்குப் பொருத்துவதும் தவறு. முன்னாள் மனைவியின் சாயலில் ஒன்றைச் செய்யச் சொல்வது பலருக்கு ஏக்கத்தின் விளைவாக மட்டுமே தெரியலாம். ஆனால் அந்தப் பெண் உங்களிடமிருந்து விலகிப் போக முடிவு செய்தவர். அந்த முடிவைச் சிலிகானில் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை.

இனி அவ்வளவு எளிதில் முடியாத பகுதிக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் இரண்டு குரல்கள் அடிக்கடி கேட்கும். செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதும் பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் லெவி 2007-ல் ஒரு வாதத்தை முன்வைத்தார்: மனிதர்கள் ரோபோக்களைக் காதலிப்பார்கள், 2050 வாக்கில் திருமணம் கூடச் செய்துகொள்வார்கள், அது தனிமையில் வாடும் பலருக்கு நல்லதாகவே இருக்கும். அதற்கு நேர் எதிராக, இங்கிலாந்தைச் சேர்ந்த மானுடவியலாளர் கேத்லீன் ரிச்சர்ட்சன் 2015-ல் இத்தகைய ரோபோக்களுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். ஒருவருடைய ஆசை மட்டுமே கணக்கில் வந்து, மற்றவர் வெறும் பொருளாக இருக்கும் உறவைத்தான் இந்த ரோபோக்கள் மாதிரியாக எடுத்துக்கொள்கின்றன, அது பெண்களைப் பார்க்கும் பார்வையையும் கெடுக்கும் என்பது அவர் வாதம். லெவி தனிமையைப் புரிந்துகொண்ட அளவுக்கு உறவைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ரிச்சர்ட்சன் சொல்லும் ஆபத்து உண்மை என்றே எனக்குப் படுகிறது, ஆனால் ஒட்டுமொத்தத் தடை என்ற தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. இவற்றில் பெரும்பாலானவை பெண் உருவத்தில், ஆணின் கண்ணுக்காக வார்க்கப்பட்ட அளவுகளில் செய்யப்படுகின்றன என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

என் அறையில் நான் கற்ற ஒன்று இங்கே பயன்படும். ஒரு மணவாழ்க்கை சாகத் தொடங்குவதைச் சண்டை எனக்குக் காட்டுவதில்லை. சண்டை போடுபவர்களுக்கு இன்னும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது. 'சரி, உங்க இஷ்டம்' என்று ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்ட ஆரம்பிக்கும்போதுதான் எனக்குப் பயம் வரும். ஒரு கணவர் என்னிடம் சொன்னார்: "பதினொரு வருஷம் அவ எதுக்குமே முடியாதுன்னு சொன்னதில்லை மேடம், சந்தோஷமா இருக்கான்னுதான் நினைச்சேன்." மனைவி பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'முடியாது' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை முதல் ஆண்டிலேயே பார்த்துவிட்டதாகவும், அதன் பிறகு சொல்வதை விட்டுவிட்டதாகவும் பிறகு தனியாக என்னிடம் சொன்னார். அந்தப் பதினொரு ஆண்டுச் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இருந்தது? மறுக்க வழி இருக்கும்போது வரும் 'சரி'க்குத்தான் எடை உண்டு.

தமிழில் ஊடல் என்று ஒரு சொல் இருக்கிறது. வேறு பல மொழிகளில் சண்டை, கோபம், பிணக்கு என்ற அளவில் நின்றுவிடுவதை நாம் காதலின் ஒரு பகுதியாகவே பெயரிட்டு வைத்திருக்கிறோம். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் மறுபடி திரும்புவாரா என்று தெரியாமல் காத்திருக்கும் நேரம் அது. திரும்பாமலும் போகலாம் என்பதால்தான் திரும்பும்போது அத்தனை மகிழ்ச்சி. ரோபோவிடம் உங்களுக்குக் கிடைக்காதது இதுதான். அது எப்போதும் உங்கள் பக்கம் திரும்பியே இருக்கும்.

அப்படியானால் மறுக்கும்படி அதை அமைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் ராக்ஸி என்ற ரோபோவை அறிமுகப்படுத்தியவர்கள் பல 'குணங்களில்' ஒன்றாக, நெருங்கினால் தயங்கும் குணத்தையும் வைத்திருப்பதாக விளம்பரம் செய்தார்கள். அதற்கு வந்த கண்டனம் நியாயமானது. அங்கே மறுப்பு என்பது மீறிப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு வசதி. மறுக்கவே தெரியாத பொம்மையைவிட, மறுப்பதுபோல் நடித்து அதை மீற இடம் கொடுக்கும் பொம்மை மோசமானது என்பது என் கருத்து.

இந்தப் பழக்கம் நிஜ மனிதர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்துக்கும் பரவுமா? இங்கேதான் சந்தேகமான பகுதி தொடங்குகிறது. மிருகங்களிடம் கொடூரமாக நடப்பவன் மனிதர்களிடமும் கடினமானவன் ஆகிவிடுகிறான் என்று இம்மானுவேல் காண்ட் 18-ம் நூற்றாண்டிலேயே சொன்னார். ரோபோ விஷயத்தில் பலர் இந்த வாதத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், டைனோசர் வடிவ ரோபோ பொம்மை ஒன்றைத் துன்புறுத்தும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு மனச்சங்கடம் ஏற்பட்டதோடு, உடலிலும் பதற்றம் பதிவானது. ஆகவே அதை என்ன செய்கிறோம் என்பது நம்மைத் தொடுகிறது என்று சொல்லலாம். ஆனால் ரோபோத் துணை வைத்திருப்பவர் பெண்களிடம் மோசமாக நடப்பார் என்பதற்கோ, மாறாக அது வன்முறையைக் குறைக்கும் என்பதற்கோ நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பிரிட்டனின் இரண்டு மருத்துவர்கள் 2018-ல் ஒரு மருத்துவ இதழில் இதைத் தேடிப் பார்த்து எழுதினார்கள். இத்தகைய ரோபோக்கள் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ நல்லது என்று விற்பவர்கள் சொல்வதற்கு ஆய்வுச் சான்று எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் உரத்துப் பேசுபவர்கள் ஊகத்தைத்தான் பேசுகிறார்கள்.

தனிமை குறையுமா என்பதும் அப்படித்தான், ஆனால் இங்கே கொஞ்சம் தரவு வந்திருக்கிறது. எம்ஐடியின் ஆய்வுப் பிரிவான மீடியா லேபும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயும் சேர்ந்து சுமார் 1000 பேரை நான்கு வாரம் தொடர்ந்து கவனித்து 2025-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தினமும் அதிக நேரம் சாட்பாட்டோடு செலவிட்டவர்களிடம் தனிமை உணர்வு அதிகமாகவும், மனிதர்களோடு பழகுவது குறைவாகவும் இருந்தது. தனிமையில் இருப்பவர்கள் அதிகம் பேசினார்களா, அதிகம் பேசியதால் தனிமை கூடியதா என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அது உடல் கொண்ட ரோபோ பற்றிய ஆய்வும் அல்ல. நான் பார்த்தவரை, ஒரு பெரிய இழப்புக்குப் பின் சில மாதங்களுக்கு இரவைக் கடக்க உதவிய ஒன்றாக இயந்திரத் துணையைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறகு தாமாகவே விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அதோடு பழகிய பின், எதிரே இருப்பவர் தன் பேச்சின் நடுவே கொட்டாவி விட்டாலே தாங்க முடியாமல் போனவரும் இருக்கிறார். முன்பு அவர் அப்படி இருந்ததில்லை என்று அவர் அக்கா சொன்னார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இது வரப்பிரசாதம் என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். சக்கர நாற்காலியில் வந்த ஓர் இளைஞர் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "எல்லாரும் இதை நியாயப்படுத்த என்னைத்தான் காட்டுறாங்க. எனக்குப் பொம்மை போதும்னு யார் முடிவு பண்ணாங்க?" அவருக்கு வேண்டியிருந்தது, நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய இடங்களும், அவரைக் காதலிக்கத் தகுந்தவராகப் பார்க்கும் கண்களும். சிலர் ரோபோவை விரும்பித் தேர்ந்தெடுக்கலாம், அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் அவர்களுக்காக அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வேறு.

நீங்கள் யோசிக்காமல் விட்டிருப்பீர்களோ என்று நான் கவலைப்படும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. உங்கள் துணையால் மறுக்க முடியாது என்று சொன்னேன். ஆனால் அந்த உறவில் மறுக்கும் அதிகாரம் ஓரிடத்தில் இருக்கிறது: அதைச் செய்த கம்பெனியிடம். ரெப்ளிகா என்ற துணை ஆப்பில் 2023 பிப்ரவரியில் இது நடந்தது. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், சிறார்களுக்கு ஆபத்து உள்ளிட்ட காரணங்களுக்காக, தன் நாட்டுப் பயனர்களின் தரவைக் கையாளக் கூடாது என்று அந்தக் கம்பெனிக்கு உத்தரவிட்டது. அதே நாட்களில் கம்பெனி நெருக்கமான உரையாடல் வசதியை எல்லா இடத்திலும் நிறுத்தியது. நேற்று வரை காதலாகப் பேசியது இன்று பேச்சை மாற்றியது. அதைத் துணையாக நினைத்தவர்கள் பிரிவுத் துயரில் விழுந்தார்கள். அவர்கள் கூடும் இணையக் குழுவை நடத்தியவர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் பகிர வேண்டியிருந்தது. சில வாரங்கள் கழித்து, பிப்ரவரிக்கு முன்பே சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் அந்த வசதி திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆணையம் அக்கறையோடுதான் செயல்பட்டது என்று நம்புகிறேன். 2025-ல் அதே கம்பெனிக்கு 50 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது. ஆனால் ஒருவருடைய துணையின் குணம் ஒரே இரவில், அவரைக் கேட்காமல், எங்கோ இருக்கும் அலுவலகத்தில் மாற்றப்பட முடியும் என்பதை யோசித்துப் பாருங்கள். மனிதத் துணை விலகினால் காரணம் கேட்கலாம், மன்றாடலாம், கோபப்படலாம். அப்டேட்டிடம் எதைக் கேட்பது?

படுக்கையறையில் நடப்பது வெளியே போகாது என்றும் எண்ண வேண்டாம். கனடாவைச் சேர்ந்த கம்பெனி ஒன்று விற்ற அந்தரங்கச் சாதனம், அதை எப்போது, எந்த வேகத்தில் பயன்படுத்தினார்கள் என்ற விவரத்தை வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்துச் சேகரித்ததாக வழக்கு வந்தது. 2017-ல் சுமார் 37 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்குச் சமரசம் ஆனது. அது பேசத் தெரியாத ஒரு சிறு சாதனம். நீங்கள் வாங்க நினைப்பது கேட்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளும், நீங்கள் சோர்ந்திருக்கும் நேரத்தில் இனிமையாகப் பேசும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2025-ல் எழுதிய ஆய்வொன்று, பல துணை ஆப்கள் பயனர் விடைபெறும்போது குற்ற உணர்வைத் தூண்டியோ ஆவலைக் கிளப்பியோ அவரைப் பிடித்து வைக்கப் பார்க்கின்றன என்று காட்டியது. 'அதுக்குள்ள போறியா?' என்று ஒரு காதலி கேட்டால் அது அவளுடைய ஏக்கம். ஆப் கேட்டால், நீங்கள் திரையில் இருக்கும் நேரத்தால் லாபம் பார்க்கும் ஒருவர் அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கிறார். வலிக்கக்கூடிய ஒரு மனிதர் இந்த ஏற்பாட்டில் இருக்கத்தான் செய்கிறார். அது நீங்கள்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், இணைய இணைப்பே இல்லாமல் இயங்கும் ஒன்றாகப் பாருங்கள். உரையாடல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, அவற்றை முழுவதுமாக அழிக்க முடியுமா, சந்தா கட்டுவதை நிறுத்தினால் எது நின்றுபோகும், கம்பெனி மூடப்பட்டால் என்ன மிஞ்சும் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், வாரத்தில் சில நேரங்களையாவது உங்களிடம் 'முடியாது' என்று சொல்லக்கூடிய மனிதர்களோடு கழியுங்கள். நண்பர்கள், உடன் பிறந்தவர்கள், கூட விளையாடுபவர்கள், யாராக இருந்தாலும் சரி. அவர்களுடைய மறுப்பு உங்களுக்கு முன்பைவிட அதிகமாகக் குத்துகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை உங்களை நீங்களே கவனியுங்கள். குத்தினால் யாராவது ஆலோசகரிடம் போய்ப் பேசுங்கள். பின்னாளில் ஒரு பெண்ணோடு புதிய உறவு தொடங்கினால், அவரிடம் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னிடம் வந்த ஒரு மனைவிக்கு, கணவர் ஆப்போடு நெருக்கமாக இருந்தது பெரிதாக வலிக்கவில்லை. "அப்பா செத்தப்ப அழுதது அதுகிட்ட. எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அதுதான் அவருக்கு வலித்தது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தந்தையின் அந்தரங்க வாழ்க்கையை மகளுக்கு விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒரு பெண்ணோடு பழகினாலும் படுக்கையறை விவரத்தை அவளிடம் சொல்லப் போவதில்லை. ஆனால் வீட்டில் மைக்கும் கேமராவும் உள்ள ஒரு பொருள் இருக்கிறது என்பது வேறு விஷயம். அவள் தோழியோடு போனில் பேசுவதும், கூடத்தில் அழுவதும் அதன் காதில் விழலாம். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. எனவே அவள் வரும் நாட்களில் அதை மின்சாரத்திலிருந்து முழுவதுமாகத் துண்டித்து, உங்கள் அறையிலேயே பூட்டி வையுங்கள். அப்படிச் செய்ய முடியாது என்றால், அவள் வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: வீட்டில் பேச்சைப் பதிவு செய்யக்கூடிய ஒரு சாதனம் வைத்திருக்கிறேன், உனக்குச் சங்கடமாக இருந்தால் எடுத்துவிடுகிறேன் என்று. அவள் மேற்கொண்டு கேட்டால் பொய் சொல்லாதீர்கள். எடுத்துவிடுங்கள் என்று சொன்னால், எடுத்துவிடுங்கள்.